தோலை ஒட்டிய துணி

சமையலறை மேசைமேல் இருந்ததையெல்லாம் இர்யா ஒரே தள்ளாகத் தள்ளினாள். சர்க்கரைக் கிண்ணம் சுவரில் போய் இடித்து நின்றது. காலியான இடத்தில் துணிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். வைத்தாள் என்று சொல்ல முடியாது. அறைந்தாள்.

முதலில் மெல்லிய கம்பளி பனியன், முழுக்கை. அதே துணியில் கால்சட்டை. கையில் எடுத்தால் எடையே தெரியாது, தோலில் குத்தாது. அதன்மேல் தடித்த கம்பளிச் சட்டை, பின்பக்கம் தொடைவரை இறங்குவது. குனிந்தாலும் உட்கார்ந்தாலும் இடுப்பு வெளியே தெரியக் கூடாது. குளிர் முதலில் கைவைக்கும் இடம் அதுதான். அப்புறம் ஸ்வெட்டர். தோள்வார் போட்ட கம்பளிக் கால்சராய். காலுறை இரண்டு ஜோடி, ஒன்று நடக்க, ஒன்று உட்கார. இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்கிறவன் முட்டாள். பூட்ஸுக்குள் விரல் அசையாவிட்டால் விரல் செத்தது. கடைசியாக மேல்கோட்டு. அதுவும் கம்பளிதான். நைலான் கோட்டு இந்தக் குளிரில் கையை அசைத்தாலே காகிதம் கசக்குவது போலச் சத்தம் போடும்; எங்கோ நிற்கும் மான் நிமிர்ந்து பார்க்கும்.

இதில் ஒரு நூல்கூடப் பருத்தி இல்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. நவம்பர் முடிவதற்குள் சூலோ கொடுத்தனுப்பியது. உள்ளே புத்தம் புதிய சிவப்பு உள்ளுடை ஒன்று, மடிப்புக் கலையாமல், கூடவே ஒரு கண்டு வெள்ளை நூல். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாகத் தைத்தது. முன்னால் வரிசையாகப் பட்டன். பின்னால், உட்காரும் இடத்தில், அவிழ்த்துவிடுகிற மாதிரி ஒரு மூடி. அந்த மூடியில் 'ராட்னி' என்று வெள்ளை நூலால் தைக்க வேண்டும். அவள் தைக்கவில்லை. பெட்டியைத் தொடவும் இல்லை. மூடியைத் திறந்து ஒரு தரம் பார்த்ததோடு சரி. முழுக்க முழுக்கப் பருத்தி.

சூலோ அவள் கணவனின் அண்ணன். ஏரிக்குத் தெற்கே காட்டுக்குள், மான் வேட்டைக்காரர்கள் தங்கும் கேம்பை அவர்கள் அப்பா கட்டினார். சுரங்கத்துக் கடையை மூடியபோது அங்கே விற்காமல் கிடந்த சிவப்பு உள்ளுடைகளை அவர் பெட்டியோடு வாங்கிவந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அன்று வேறு எதுவும் வாங்கக் காசில்லை, அவ்வளவுதான். அது காலப்போக்கில் வழக்கமாகி, வழக்கம் சட்டமாகிவிட்டது. கேம்பில் புதிதாகச் சேர்கிறவன் தன் பெயர் தைத்த சிவப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் மானைச் சுடும்வரை வேட்டைக்குப் போகும்போதெல்லாம் தோலை ஒட்டி அதுதான் இருக்க வேண்டும். சுட்ட பிறகும் பலர் அதையே போட்டார்கள், ராசி என்று.

தவுனோவும் அதைத்தான் போட்டான். இர்யாவின் கணவன்.

முந்திய வருடத்துக்கும் முந்திய டிசம்பரில், முழங்கால் பனியில் மேட்டில் ஏறி, சதுப்பின் ஓரத்தில் இருக்கும் தன் பதுங்கிடத்துக்குப் போனான். கோட்டுவரை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறினான். கேம்பில் எல்லோரும் அப்படித்தான் ஏறுவார்கள். வேர்வையில் சிவப்பு நனைந்தது. நனைந்ததோடு அசையாமல் உட்கார்ந்தான். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இருட்டி ஒரு மணி நேரம் ஆகும்வரை ஒருவன் பதுங்கிடத்துக்கு இன்னொருவன் போகக் கூடாது என்பது கேம்பின் இன்னொரு சட்டம். அடுத்தவன் வேட்டையைக் கெடுத்த பாவம் வேண்டாம் என்று. ஆகையால் மற்றவர்கள் சீட்டு ஆடினார்கள். சட்டப்படி நேரம் ஆனதும் போய்ப் பார்த்தார்கள். தவுனோ உட்கார்ந்தபடியே இருந்தான். கோட்டுப் பட்டன்கள் எல்லாம் திறந்திருந்தன. தொப்பி பனியில் கிடந்தது.

"ஹார்ட்டு," என்றான் சூலோ. "மூச்சு முட்டிருக்கு, பட்டனைத் திறந்திருக்கான். ஹார்ட்டுதான்." ஈமச்சடங்கில் சொன்னான். சர்ச் காபியில் சொன்னான். பெட்ரோல் பங்கில் நின்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் இர்யாவிடம் ஒரு காகிதப் பையில் அவன் துணிகளைக் கொடுத்தார்கள். அவள் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை செய்பவள். நாள் முழுக்க ஈரத் துணியைத் தூக்குகிற கை. பையை வாங்கியதுமே எடையில் புரிந்துவிட்டது. சிவப்பின் முதுகு முழுவதும் தண்ணீர். அவள் அதைத் துவைக்கவில்லை. அப்படியே காயப்போட்டு, அதே பையில் போட்டு வைத்தாள். இல்லத்தில் வேலை செய்யும் ஒரு நர்ஸிடம் பிறகொரு நாள் கேட்டாள். விறைத்துச் சாகிறவனுக்குக் கடைசியில் உடம்பெல்லாம் எரிகிற மாதிரி இருக்கும், துணியைக் கழற்றுவான் என்றாள் நர்ஸ். இர்யா அதைச் சூலோவிடம் போய்ச் சொன்னாள்.

"நர்ஸ் வேட்டைக்குப் போயிருக்காளா?" என்று கேட்டான் அவன்.

அன்று பிடித்த கோபம் இறங்கவே இல்லை. ஊரில் அது வேடிக்கையாகிவிட்டது. கடைத்தெருவில் வேட்டைச் சாமான் கடையில், இலைப்படம் போட்ட பருத்தி உள்ளுடைகளைப் 'பனிக்காலத்துக்கு' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வாங்க நின்ற ஒருவன் கையிலிருந்து பிடுங்கித் திரும்பக் கொக்கியில் மாட்டினாள் இர்யா. "வீட்டுக்குள்ள தூங்கறதுக்குன்னா வாங்கு. வெளிய போறதுக்குன்னா கூடவே ஒரு சவப்பெட்டியும் சொல்லிடு." அடுத்த வாரமும் போனாள். கடைக்காரர் நல்ல மனுஷன், கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்: "இர்யா, நீ வேணுங்கறதை போன்ல சொல்லு. நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தர்றேன்."

இப்போது அவள் மகன் ராட்னி கேம்பில் அப்பாவின் படுக்கையை எடுத்துக்கொள்ளப் போகிறான். லாரிப் பட்டறையில் வேலை, இருபத்து நான்கு வயது, பேச்சு குறைவு. கேம்பில் சேர வேண்டும் என்பது தவிர இந்த இரண்டு வருடத்தில் அவன் எதையும் கேட்டதில்லை.

"வேண்டாம்னு சொல்லலை," என்றாள் இர்யா, துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டே. "போ. உங்க அப்பன் படுக்கைல படு. ஆனா தோலை ஒட்டி இதுதான்."

"அம்மா, நாளைக்கு அவங்க எல்லார் முன்னாலயும் நான் எப்படி..."

"சிரிப்பாங்களா?"

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். செத்தவனைப் பார்த்து யாரும் சிரிக்கறதில்ல. அது வேணுமா?"

ராட்னி மூட்டையையும் அட்டைப்பெட்டியையும் வண்டியில் ஏற்றினான். அவன் வெளியே போனதும் இர்யா அலமாரியைத் திறந்து அந்தக் காகிதப் பையை எடுத்துத் தன் பைக்கு அடியில் திணித்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

*

அப்பாவின் படுக்கையை மகன் எடுத்துக்கொள்ளும் நாளில் அதுவரை அதற்கு உரியவர் சாப்பாடு சமைக்க வேண்டும்; அவர் இல்லையென்றால் அவர் மனைவி. அதனால்தான் இர்யா கேம்புக்கு வந்தாள். மற்ற நாளில் பெண்கள் வருவதில்லை.

டிசம்பர் வேட்டைக்குக் கூட்டம் இல்லை. நவம்பரில் ரைஃபிள்காரர்கள் எல்லாம் வந்து போய்விடுவார்கள். இப்போது குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்கள் மட்டும். சூலோவும் கிளாரன்ஸும் இருந்தார்கள். கிளாரன்ஸ் எப்போதும் குறி தப்புகிறவன். குறி தப்பினால் சட்டையின் பின்வாலை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது இந்தக் காட்டில் எல்லாக் கேம்பிலும் வழக்கம். இங்கே அந்தச் சுவரில் பாதி கிளாரன்ஸுடையது. கட்டம் போட்டது, கோடு போட்டது, ஒன்றிரண்டு பூப்போட்டதுகூட.

"அது பொண்டாட்டி சட்டை," என்பான். "என் சட்டைங்க தீர்ந்துபோச்சு."

சௌனா நீராவி அறையில் குளித்துவிட்டு வந்து சூலோ சாப்பாட்டு மேசைக்கு உட்கார்ந்தான். சிவப்பு உள்ளுடை, அதன்மேல் கால்சராய். பெரிய உடம்பு. மார்பில் பட்டன்கள் இழுத்துப் பிடித்து நின்றன. இர்யா மான்கறியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பை எடுத்துவைத்தாள். ஏலக்காய் ரொட்டியை வெட்டினாள். கத்தி பலகையில் விழுந்த விதத்தைப் பார்த்துக் கிளாரன்ஸ் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

சாப்பிட்டு முடித்ததும் சூலோ கையைத் துடைத்தான். "சரி. எங்க அது?"

ராட்னி அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தான். சூலோ உள்ளுடையை எடுத்து விரித்து, திருப்பி, பின்மூடியைப் பார்த்தான்.

"பேரைக் காணோம்."

"தைக்கலை," என்றாள் இர்யா.

"ஏன்? கை வலியா?"

"கை நல்லாத்தான் இருக்கு. இது என் பையன் உடம்புல ஏறாது."

"இர்யா." சூலோ பொறுமையாகப் பேசினான், அந்தப் பொறுமைதான் அவளுக்கு ஆகாது. "எங்க அப்பா போட்டாரு. எண்பத்தஞ்சு வயசுல படுக்கைலதான் போனாரு. நான் நாப்பது வருஷமா போடறேன். பாரு, உட்கார்ந்திருக்கேன்."

"உன் தம்பியும் உட்கார்ந்துதான் இருந்தான். நீங்க போய்ப் பார்க்கறப்போ."

கிளாரன்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டான்.

"அது ஹார்ட்டு."

"அவனுக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்ல. அதுக்கு முந்தின வாரம்தான் டாக்டர் பார்த்திருந்தாரு. வேர்வையில நனைஞ்சு, அந்த ஈரத்தோட உட்கார்ந்து, விறைச்சுப் போனான். சீட்டு ஆடிட்டு இருந்தீங்க நீங்க. ஜெயிச்சது யாரு? அதையாவது சொல்லு."

"அம்மா," என்றான் ராட்னி.

"நீ சும்மா இரு."

சூலோவின் முகம் அவன் உள்ளுடை நிறத்துக்கு வந்தது. "ஒரு பனியனைப் போய்க் கொலைகாரன்ங்கறா. நாப்பது வருஷம்! ஒருத்தனுக்கு ஒண்ணும் ஆகலை!" எழுந்து நின்றான். "நாளைக்கு நான் போறேன். தவுனோ இடத்துக்கே. இதே சிவப்போட. இருட்டறவரைக்கும் உட்கார்ந்துட்டு என் கால்ல நடந்து வர்றேன். வந்தேன்னா அடுத்த நாள் உன் பையன் இதைப் போட்டுக்கறான். நீ வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

"வரலைன்னா?"

"வருவேன்."

"சூலோ, வயசு அறுபத்தாறு உனக்கு. நாளைக்குப் பூஜ்யத்துக்கு ரொம்பக் கீழ போகும்னு ரேடியோல சொன்னான்," என்றான் கிளாரன்ஸ்.

"உன்னைக் கேட்டேனா? சுவத்தைப் பார்த்துப் பேசு."

எல்லோரும் ராட்னியைப் பார்த்தார்கள். அவன் பெரியப்பாவைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்க்காமல் சொன்னான்: "சரி. பெரியப்பா நடந்து வந்தா நான் போட்டுக்கறேன்."

இர்யா தட்டுகளை அடுக்கினாள். ஒன்று உடைந்தது. அவள் குனிந்து பொறுக்கவில்லை.

*

காலையில் சூலோ உடுத்துவதை அவள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். சிவப்பு. அதன்மேல் தடித்த சட்டை, ஸ்வெட்டர், கால்சராய், மேல்கோட்டு, ஆரஞ்சு மேற்சட்டை. கழுத்துவரை பட்டன். காலுறை இரண்டு ஜோடியும் ஒன்றன்மேல் ஒன்று. பூட்ஸைத் தரையில் உதைத்து உதைத்து உள்ளே நுழைத்தான். கதவருகே வந்தபோதே நெற்றி மினுங்கியது.

"கோட்டைக் கழட்டி முதுகுல கட்டிட்டுப் போ," என்றாள் இர்யா. சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். "அங்க போய்ப் போட்டுக்கோ."

"குளிர்ல கோட்டைக் கழட்டறதா? கேட்டியா கிளாரன்ஸ்?"

கிளாரன்ஸ் சிரிக்கவில்லை.

ராட்னி கம்பளியில் போனான். இன்றைக்கு மட்டும். கோட்டும் உட்காரும் காலுறையும் முதுகில் சுருட்டிக் கட்டியிருந்தன. சட்டைக் கழுத்துத் திறந்திருந்தது. குளிரில் தோள்களைக் குறுக்கிக்கொண்டு வேகமில்லாமல் நடந்தான். அப்படித்தான் கிளம்ப வேண்டும்: வாசலில் நடுங்க வேண்டும். நடுங்காமல் கிளம்புகிறவன் பாதி வழியில் நனைவான். அவன் இடம் மேட்டுக்குப் போகும் வழியில், பாதி தூரத்தில். கிளாரன்ஸ் தெற்கே போனான்.

இர்யா மஞ்சள் டர்னிப் கிழங்கைத் தோல் சீவ உட்கார்ந்தாள். மாலைக்கு ஒரு பெரிய பானை வேக வேண்டும். சூலோ இந்நேரம் மேட்டில் ஏறிக்கொண்டிருப்பான். இந்நேரம் வேர்த்திருப்பான். இந்நேரம் உட்கார்ந்திருப்பான். ஈரம் முதுகோடு ஒட்டிக்கொண்டு குளிர ஆரம்பிக்கும். முதலில் பல் அடித்துக்கொள்ளும். நடுக்கம் நல்லது, நடுங்குகிறவன் உயிரோடிருக்கிறான். நடுக்கம் நிற்கும்போதுதான் பயப்பட வேண்டும்.

நன்றாக நடுங்கட்டும் என்று நினைத்தாள். டர்னிப் தோல் தடித்தடியாக விழுந்தது. பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று.

மதியத்துக்குமேல் காற்று வடமேற்கே திரும்பியது, ஏரிப் பக்கமிருந்து. புகை கூரைமேல் படுத்துவிட்டது. வாசலில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பானையை அடுப்பில் ஏற்றினாள்.

பேசாமல் இருந்தால் போதும். இருட்டி ஒரு மணி நேரம் ஆகும்வரை யாரும் போகக் கூடாது. அவன் போட்ட சட்டம். அவன் சட்டப்படியே நடக்கட்டும். சூலோ நடந்து வரமாட்டான். அதோடு முடிந்தது. ராட்னி பிழைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு வேறொன்று தோன்றியது. சூலோ செத்தால் என்ன சொல்வார்கள்? வயசு அறுபத்தாறு, கனத்த உடம்பு, மேட்டில் ஏறியிருக்கிறான்.

ஹார்ட்டு என்பார்கள்.

பெட்ரோல் பங்கில் நின்று சொல்வார்கள். சர்ச் காபியில் சொல்வார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, அந்தக் குடும்பத்துக்கு ஹார்ட்டு வீக் என்பார்கள். ராட்னியும் அந்தக் குடும்பம்தான். பெரியப்பா நினைவாக அந்தச் சிவப்பை எடுத்துப் போட்டுக்கொள்வான்.

"அடப் பாவி," என்றாள் சத்தமாக, யாரும் இல்லாத கேம்பில். "செத்துக்கூட நீதான் ஜெயிப்பியா?"

கத்தியை மேசையில் வீசினாள்.

உடுத்தினாள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அதில் மட்டும் அவசரப்பட மாட்டாள். மெல்லிய கம்பளி, அதன்மேல் ஒரு சட்டை, அவ்வளவுதான். கோட்டு முதுகில். வீட்டிலிருந்து கொண்டுவந்த மூட்டையில் ராட்னிக்கென்று மாற்றுக்கு வைத்திருந்த உலர்ந்த கம்பளி ஒரு செட்டை எடுத்துக்கொண்டாள். இரண்டு போர்வை, வெந்நீர்க் குடுவையில் சர்க்கரை நிறையப் போட்ட காபி. மானை இழுக்கும் பிளாஸ்டிக் சறுக்கு வண்டியைக் கயிற்றோடு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தப் பக்கம் விழுந்த மரங்கள் அதிகம், பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைல் போகாது.

ராட்னி அவளைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "அம்மா! என்ன பண்றே? மான் வர்ற நேரம்! இப்படிச் சத்தம் போட்டுக்கிட்டு..."

"எழுந்திரு."

"பெரியப்பா என்ன சொல்வாரு? நீ அங்க போனா அவர் வேட்டையும்..."

"எழுந்திருடா!"

அவன் எழுந்தான். எழுந்த வேகத்தில் அவனுக்கு உடம்பு சூடாகத்தான் இருந்தது என்று தெரிந்தது. இர்யா அதைக் கவனித்தாள். "கோட்டைக் கழட்டு. மேடு இருக்கு," என்றாள்.

சதுப்பின் ஓரத்தில் தேவதாரு கிளைகளை மூன்று பக்கமும் சாய்த்து, நடுவே ஒரு பலகை போட்டதுதான் தவுனோவின் பதுங்கிடம். சூலோ பலகையில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் வந்த சத்தத்துக்குத் திரும்பவில்லை. ஆரஞ்சு மேற்சட்டை காலடியில் கிடந்தது. தொப்பி பனியில். கோட்டுப் பட்டன்கள் திறந்திருந்தன. கையுறை இல்லாத விரல்கள் ஸ்வெட்டரின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன, மெதுவாக, ஊசியில் நூல் கோக்க முயல்கிறவனைப் போல.

ராட்னி அப்படியே நின்றான். அன்று செய்தி கேட்டு ஊரிலிருந்து ஓடிவந்தவர்களில் அவன்தான் முதல் ஆள்; அப்பாவை இதே கோலத்தில் பார்த்தவன். இர்யா அதை இதுவரை அவனிடம் பேசியதில்லை.

"பெரியப்பா?"

சூலோ தலையைத் தூக்கினான். உதடுகள் தடித்திருந்தன, வார்த்தைகள் குழறின. "ஜன்னலைத் திற," என்றான். "தவுனோ அடுப்புல விறகு நிறையப் போட்டுட்டான். சூடு. தாங்கலை."

ராட்னி அம்மாவைப் பார்த்தான். இர்யா அவனைப் பார்த்தாள். காற்று கிளைகளை அசைத்தது.

"பார்த்துக்கிட்டே நிக்காத," என்றாள் அவள். "அந்தப் பக்கம் பிடி. மெதுவா. உலுக்காத, முட்டை மாதிரி எடு."

சறுக்கு வண்டியில் போர்வையை விரித்து, கிளைகளுக்கு இடையே காற்றுப் படாத இடத்தில் அவனைக் கிடத்தி, கோட்டையும் சட்டையையும் கழற்றினார்கள். சிவப்பு முதுகோடு ஒட்டியிருந்தது. உரிக்க வேண்டியிருந்தது. இர்யா திட்டிக்கொண்டே உரித்தாள். "நாப்பது வருஷமாம். நாப்பது வருஷமா மடையன்னு சொல்லு. கையைத் தூக்கு. தூக்குன்னா தூக்கு! உன் அப்பன் காசில்லாம வாங்கினதைச் சாமி மாதிரி கும்பிட்டுட்டு... ராட்னி, அந்தக் கால்சட்டை. சீக்கிரம். மூடு. மூடுடா."

"இர்யா," என்றான் சூலோ, கண்ணைத் திறக்காமல். "நீ எதுக்கு இங்க?"

"உன்னைத் திட்டறதுக்கு."

உலர்ந்த கம்பளியைப் போட்டு, தொப்பி, இரண்டு கோட்டு, மேலே போர்வை சுற்றினார்கள். கொஞ்சம் விழுங்க முடிகிறது என்று தெரிந்தபின் காபியைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். கிளம்பும்போது அந்தச் சிவப்பைப் பனியிலிருந்து எடுத்தாள். அதற்குள் விறைத்துவிட்டிருந்தது, கை கால் விரித்தபடி. மடங்கவில்லை. பலகையைப் போல அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

பாதி வழியில் சூலோவுக்கு மறுபடி நடுக்கம் வந்தது. வண்டி முழுக்க ஆடியது. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இர்யா கயிற்றை இழுத்தபடியே, திரும்பிப் பார்க்காமல், "அப்பாடா," என்றாள். அதைச் சொன்னதற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

*

கிளாரன்ஸ் அவர்களைப் பார்த்துத் தெற்கிலிருந்து ஓடிவந்தான். உள்ளே போனதும் முதல் வேலையாகப் பிராந்திப் புட்டியைத் திறந்தான்.

"அதைக் குடுத்தே, உன்னை வெளிய உட்கார வைப்பேன்," என்றாள் இர்யா. அவன் புட்டியை மூடி, அவசரத்தில் தானே ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி மூடினான்.

வண்டி எடுத்து நெடுஞ்சாலைவரை போய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். போ என்றாள். வேண்டாம் என்றான் சூலோ. போ என்றாள் மறுபடியும். கிளாரன்ஸ் போய்வந்தான். பனி அள்ளுகிற வண்டி முன்னால் வந்தால்தான் டாக்டர் வர முடியும், நேரமாகும். அதற்குள் சூலோ அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்ட நாற்காலியில் தானாக நிமிர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தான். ராட்னிக்கு வாங்கிய கம்பளி பனியன் அவனுக்கு வயிற்றில் இறுக்கமாக இருந்தது.

சிவப்பைக் கதவோரம் சாய்த்து வைத்திருந்தாள் இர்யா. விறைத்திருந்ததால் நின்றது. தலை இல்லாத, பாதம் இல்லாத ஒரு ஆள் மாதிரி. சூடு படப்பட அது முழங்காலில் மடங்கியது. பிறகு இடுப்பில். பிறகு மெதுவாகச் சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து பலகைகளுக்கு நடுவே கோடாக ஓடி வந்தது.

எல்லோரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவா?" என்றான் கிளாரன்ஸ்.

"இன்னும் இருக்கு," என்றாள் இர்யா. "பிழிஞ்சா வரும்."

சூலோவும் பார்த்தான். கைகளைப் போர்வைக்குள் வைத்திருந்தான். பிறகு, தரையைப் பார்த்தபடி கேட்டான்:

"நான் பட்டனைத் திறந்திருந்தேனா?"

"எல்லாத்தையும்," என்றான் ராட்னி.

"தொப்பி?"

"பனியில."

சூலோ தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான், நிறுத்த மறந்தவனைப் போல. "சூடா இருந்துச்சு," என்றான். "சத்தியமா சூடா இருந்துச்சு, இர்யா." பிறகு: "அவன் என்னைக் கூப்பிட்டிருப்பானா?"

அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டு வருடம் அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. இனி அவன் கேட்டுக்கொள்ளட்டும். தரை துடைக்கும் துணியை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"உன் தண்ணி. கை வந்ததும் நீயே துடை."

"சரி," என்றான் சூலோ. பிறகு ராட்னியிடம், சுவரை நோக்கித் தாடையைக் காட்டி: "அதைக் கொண்டுபோய் அங்க அடி. குறி தப்பினவங்க சுவத்துல."

"வாலையா, முழுசாவா?" என்றான் கிளாரன்ஸ், வழக்கம் விடாமல்.

"முழுசா."

ராட்னி சுத்தியலை எடுத்தான். டப்பாவில் ஆணி தேடினான்.

"ரெண்டு பேருக்கு எடு," என்றாள் இர்யா.

தன் பையைத் திறந்து, அடியிலிருந்த காகிதப் பையை எடுத்தாள். காய்ந்த சிவப்பை விரித்தாள். முன்பக்கத்தை ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டித் திறந்திருந்தார்கள். பின்மூடியில் வெள்ளை நூலில் 'தவுனோ' என்று இருந்தது. கல்யாணமான புதிதில் அவளே தைத்தது. எழுத்து கொஞ்சம் கோணல். சூலோ அதைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"திரும்பாத," என்றாள் அவள். "பாரு."

அவன் பார்த்தான். ராட்னி முதல் ஆணியை அடித்தான். அடுப்பில் டர்னிப் அடிபிடித்து வாசனை வந்தது. யாரும் எழவில்லை. அவளும் எழவில்லை.